சீசன் தொடங்கும் முன் எவ்வளவு தெரியும்? ஐஸ் ஹாக்கி முன்கணிப்பின் வரலாறும் வரம்பும்

செப்டம்பரில் பயிற்சி முகாம்கள் திறந்ததும் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி உலகில் ஒரே கேள்வி கிளம்பிவிடும்: வரும் சீசனில் இந்த அணி எங்கே போய் நிற்கும்? விளையாட்டுப் பத்திரிகையாளர், பந்தயத் தரகர், பல்கலைக்கழகப் புள்ளியியலாளர், அணிகளின் சொந்த ஆய்வுப் பிரிவினர் என ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல்., 1917இல் மாண்ட்ரியலில் தொடங்கியது. இந்த நூறாண்டில் விடை தேடும் முறைகள் பலமுறை மாறிவிட்டன. ஆனால் அக்டோபரில் எழுதியதை ஏப்ரலில் எடுத்துப் படித்தால் கணிசமான பகுதி பொய்த்துப் போயிருப்பது மட்டும் மாறவில்லை. முறைகள் உண்மையில் முன்னேறியிருக்கின்றனவா, முன்னேறியிருந்தால் எவ்வளவு, எந்த இடத்தில் நின்றுபோயின என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

டென்வர் நகரின் கொலராடோ அவலாஞ்ச் அணியைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். 2012-13 சீசன் கதவடைப்பால் 48 போட்டிகளாகச் சுருங்கியது. அதில் 39 புள்ளி மட்டும் எடுத்து, 30 அணிகளில் 29ஆவதாக முடித்தது கொலராடோ. அடுத்த சீசனில் 82 போட்டிகளில் 112 புள்ளி, மத்தியப் பிரிவில் முதலிடம். அதற்கடுத்து 90, பிறகு 82. 2016-17இல் வெறும் 48. சம்பள உச்சவரம்பு 2005இல் வந்தபின் ஒரு முழு சீசனில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு கீழே போனதில்லை. மறு ஆண்டே 95. 2022 ஜூனில் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையே கைக்கு வந்தது. (வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ தோற்றால் 1.) இந்தத் திருப்பங்களில் எவற்றை எந்த முறை முன்கூட்டியே கண்டது, எவற்றை எந்த முறையும் காணவில்லை என்று பார்த்தால் முறைகளின் பலமும் பலவீனமும் தெரியும்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஓர் அணிக்குக் களத்தில் ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். ஒரு வரிசை முக்கால் நிமிடம்போலச் சறுக்கி ஆடிவிட்டு இறங்கும், அடுத்த வரிசை ஏறும். ஒரு போட்டியில் ஓர் அணி ஏறக்குறைய 30 முறை பக் எனும் வட்டைக் கோலை நோக்கி அடிக்கிறது. அவற்றில் சராசரியாக மூன்றுதான் உள்ளே போகின்றன. முன்கணிப்பின் சிரமம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கண்ணால் பார்த்துச் சொன்ன காலம்

1947இல் மாண்ட்ரியலில் தொடங்கிய 'தி ஹாக்கி நியூஸ்' போன்ற இதழ்கள் சீசன் முன்னோட்டத்துக்கு ஒரு வடிவத்தை நிலைநிறுத்தின. கடந்த ஆண்டுப் பட்டியலில் அணி எங்கே முடித்தது, கோடையில் யார் வந்தார்கள், யார் போனார்கள், முதல் வரிசை மைய ஆட்டக்காரர் யார், தற்காப்பு எப்படி என்று வரிசையாகப் பார்த்து ஓர் இடத்தை ஒதுக்குவார்கள். இதன் பின்னணியில் தேர்வாளர்களின் கண் இருந்தது. சிறு நகரக் களங்களில் பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்து, அவன் திரும்பும் விதத்திலும் பக்கை வாங்கும் விதத்திலும் எதிர்காலத்தைப் படித்தவர்கள் அவர்கள்.

இந்த முறையை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. எண்கள் சேராத இளம் வீரனைப் பற்றி இன்றும் முதலில் சொல்லக்கூடியது கண்தான். ஆனால் இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: கடந்த ஆண்டுப் பட்டியல் அதன்மேல் மிகப் பெரிய பாரமாக அழுத்துகிறது. 29ஆம் இடத்தில் முடித்த அணி மறு ஆண்டே பிரிவில் முதலிடம் பெறும் என்று 2013 கோடையில் எதிர்பார்த்தவர் அரிது.

2017இல் லாஸ் வேகாஸில் உருவான கோல்டன் நைட்ஸ் இன்னும் கூர்மையான சான்று. மற்ற 30 அணிகளும் தலா ஒருவரை இழக்க, அப்படிக் கிடைத்தவர்களைக் கொண்டு கட்டிய புதிய அணி அது. சில பந்தய நிலையங்கள் அது கோப்பை வெல்வதற்கு ஐந்நூறுக்கு ஒன்று என்று விலை வைத்தன. அந்த அணி 109 புள்ளி எடுத்து இறுதிச் சுற்று வரை போய் வாஷிங்டனிடம் தோற்றது. கொலம்பஸில் முந்தைய சீசனில் 6 கோல் மட்டுமே அடித்திருந்த வில்லியம் கார்ல்சன் அங்கே 43 அடித்தார். முந்தைய அணியில் அவருக்குக் கிடைத்த குறைந்த நேரத்தையும் பின்வரிசை இடத்தையும் பார்த்த கண் அவரை எடைபோடத் தவறியது. அதே நேரத்தில், அவருடைய ஷாட்களில் 23 விழுக்காட்டுக்கும் மேல் கோலாக மாறிய அந்த ஆண்டு திரும்ப வராது என்று எண்களைப் பார்த்தவர்கள் எச்சரித்தார்கள். அடுத்த சீசனில் அவர் அடித்தது 24.

கண்ணுக்குத் துணையாக வந்த முதல் எண் பிளஸ்-மைனஸ். ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது தன் அணி அடித்த கோல்களிலிருந்து எதிரணி அடித்தவற்றைக் கழித்தால் கிடைப்பது. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் 1950களிலேயே இதைக் குறித்துவைத்தது. லீக் 1967-68 முதல் அதிகாரபூர்வமாகக் கணக்கிட்டது. 1970-71இல் பாபி ஆர் பெற்ற +124 இன்றும் சாதனை. ஆனால் கூட ஆடுபவர், எதிரே நிற்பவர், பின்னால் நிற்கும் கோல்கீப்பர் என எல்லாரும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவதால், வரும் ஆண்டைச் சொல்ல அது பெரிதாக உதவவில்லை.

கோல் கணக்கு

அடுத்த நிலைப்பாடு பேஸ்பாலிலிருந்து வந்தது. ஓர் அணியின் வெற்றி தோல்வியைவிட, அது எடுத்த ஓட்டமும் கொடுத்த ஓட்டமும்தான் அதன் உண்மையான தரத்தைக் காட்டும் என்று பில் ஜேம்ஸ் காட்டினார். அடித்தவற்றின் வர்க்கத்தை, அடித்தவை, வாங்கியவை இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் கிடைக்கும். ஹாக்கிக்கும் அடுக்கு 2-ஐ ஒட்டியே பொருந்துகிறது என்று பின்னால் வந்த கணிதக் கட்டுரைகள் உறுதிசெய்தன.

2013-14 கொலராடோவை இந்தக் கணக்கில் வைத்தால் முதல் எச்சரிக்கை மணி கேட்கிறது. 112 புள்ளி எடுத்த அணியின் கோல் வித்தியாசம் 30-ஐ ஒட்டியே இருந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்த போட்டிகளில் அது அசாதாரணமான அளவுக்கு வென்றிருந்தது. நெருக்கமான போட்டிகளை வெல்வது ஒரு தனித் திறமை என்று ரசிகர்கள் நம்புவதுண்டு. ஆனால் ஓர் ஆண்டின் அந்தத் திறமை அடுத்த ஆண்டுக்குப் பெரும்பாலும் கூடவருவதில்லை. ஆகவே கோல் கணக்கு, 112 என்பது அணியின் தரத்தைவிடச் சற்று உயரமான எண் என்று சரியாகவே சொன்னது.

ஆனால் அதற்குமேல் அதனால் போக முடியவில்லை. 30 ஷாட்டில் மூன்று கோல் விழும் ஆட்டத்தில், ஒரு சீசனின் மொத்தக் கோல்களே ஓர் அணிக்கு 250-ஐத்தான் ஒட்டும். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் கலப்பு அதிகம்.

ஷாட்களை எண்ணத் தொடங்கியபோது

கோல் அரிதானால், கோலுக்கு முந்தைய நிகழ்வை எண்ணலாம் என்ற யோசனை 2000களின் நடுவில் பரவியது. பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சி, தன் கோல்கீப்பர்களின் உழைப்பை அளக்க ஒரு கணக்கு வைத்திருந்தார். இலக்கைத் தொட்ட ஷாட் மட்டுமல்ல, விலகிப்போனதும் வழியில் ஒருவர் உடலில் பட்டு நின்றதும்கூடக் கோல்கீப்பரைத் தயாராகி அசைய வைக்கிறது. ஆகவே எல்லா முயற்சிகளையும் எண்ணினார். டிம் பார்ன்ஸ் இந்த எண்ணிக்கையை அணிகளை ஒப்பிடும் கருவியாக மாற்றி, கோர்சியின் பெயரையே வைத்தார். தடுக்கப்பட்ட முயற்சிகளை விட்டுவிட்டு எண்ணும் வகைக்கு மாட் ஃபென்விக்கின் பெயர் வந்தது. அணியின் ஷாட் வெற்றி விகிதத்தையும் கோல்கீப்பர் தடுப்பு விகிதத்தையும் கூட்டும் மூன்றாவது கணக்கு பி.டி.ஓ. லீக் முழுவதற்கும் அதன் சராசரி 100. ஓர் அணி இதிலிருந்து வெகுவாக விலகினால் அது நாளடைவில் 100-ஐ நோக்கித் திரும்பும் என்பது வாதம்.

இந்தக் கருத்துக்கு 2013-14 தேர்வு ஆண்டாக அமைந்தது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், கொலராடோ இரண்டும் எதிரணியைவிடத் தெளிவாகக் குறைந்த ஷாட் முயற்சிகளோடு வெற்றிகளைக் குவித்தன. டொராண்டோ கடைசி 14 போட்டிகளில் 12-ஐத் தோற்று 84 புள்ளியோடு வெளியேறியது. மொத்த முயற்சிகளில் ஏறத்தாழ 47 விழுக்காடு மட்டுமே தன் பக்கம் வைத்திருந்த கொலராடோ அந்த ஆண்டு தப்பித்தது. மறு ஆண்டு 90 புள்ளியோடு பிரிவில் கடைசி இடம். மறுபுறம், 2012இல் மேற்கு கான்ஃபரன்ஸின் எட்டாவது இடத்திலிருந்து வந்து கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் ஷாட் கணக்கில் முன்வரிசையில் நின்ற அணி. அது 2014இல் மறுபடியும் வென்றது.

2014 கோடையில் அணிகள் வரிசையாக இத்துறையினரை வேலைக்கு எடுத்தன. கைல் டூபாஸ் டொராண்டோவுக்குப் போனார். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற எரிக் டல்ஸ்கி கரோலினாவுக்குப் போய், பத்தாண்டுக்குப் பின் 2024இல் அந்த அணியின் பொது மேலாளராகவே ஆனார். ஹாக்கி முன்கணிப்பு வரலாற்றில் ஒரு நிலைப்பாடு இவ்வளவு தெளிவாக வென்ற தருணம் வேறில்லை.

வென்ற வேகத்திலேயே அதன் குறைகளும் வெளிப்பட்டன. பின்தங்கிய அணி இயல்பாகவே அதிகம் அடிக்கும், முன்னிலையில் இருப்பது பின்வாங்கும். ஆகவே வெறும் எண்ணிக்கை ஏமாற்றலாம். ஒவ்வொரு அரங்கிலும் பதிவாளர்கள் எண்ணும் பழக்கம் வேறுபடுகிறது. தொலைவில் நீலக்கோட்டருகிலிருந்து அடிப்பதும் கோல் வாசலில் தட்டிவிடுவதும் ஒன்றல்ல. கடைசிக் குறையைத் தீர்க்க 'எதிர்பார்க்கத்தக்க கோல்' மாதிரிகள் வந்தன. ஆலன் ரைடர் 2004இலேயே ஷாட்டின் தரம் பற்றி எழுதியிருந்தார். பிரையன் மெக்டொனால்ட் 2012இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். தூரம், கோணம், பக் திரும்பி வந்ததா என்பவற்றைக் கொண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பைக் கணிப்பது இவ்வகை மாதிரிகளின் பொதுவான முறை. இன்றைய பொது மாதிரிகள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. ஆனால் அந்த ஷாட்டுக்கு முன் பக் களத்தின் குறுக்கே கடத்தப்பட்டதா, கோல்கீப்பரின் பார்வை மறைக்கப்பட்டதா என்பது பொதுவெளித் தரவில் முழுமையாக இல்லை. மாதிரியின் துல்லியம் அங்கே நின்றுவிடுகிறது.

கோல்கீப்பர்: தீராத சிக்கல்

முன்கணிப்பு பெரும்பாலும் உடையும் இடம் இதுதான். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஓர் அணி போட்டிக்கு 29 ஷாட் எதிர்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 82 போட்டிகளில் 2,378. தடுப்பு விகிதத்தில் ஒரே ஒரு விழுக்காடு மாறினால் ஏறக்குறைய 24 கோல். ஆறு கோல் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது இத்துறையின் நடைமுறைக் கணக்கு. அப்படியானால் அந்த ஒரு விழுக்காடு நான்கு வெற்றி, அதாவது 8 புள்ளி. சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான ப்ளே-ஆஃபுக்குள் நுழையும் எல்லை பெரும்பாலும் 90க்கும் 100க்கும் இடையில் விழுவதால், 8 புள்ளி என்பது உள்ளேயா வெளியேயா என்பதையே தீர்மானிக்கும். ஒரே கோல்கீப்பரின் தடுப்பு விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஒரு விழுக்காடு ஏறி இறங்குவது சர்வசாதாரணம்.

மாண்ட்ரியலின் கேரி பிரைஸ் 2014-15இல் 93.3 விழுக்காடு தடுத்து 44 வெற்றி பெற்றார். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அணி 110 புள்ளி எடுத்தது. அடுத்த சீசனில் மாண்ட்ரியல் முதல் ஒன்பது போட்டிகளையும் வென்றது. பிரைஸ் முழங்காலில் காயமடைந்தார்; 12 போட்டியோடு அவருடைய சீசன் முடிந்தது. அணி 82 புள்ளியில் நின்று ப்ளே-ஆஃபைத் தவறவிட்டது. அக்டோபரில் எழுதிய எந்த முன்னோட்டத்துக்கும் அந்த முழங்கால் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கரோலினாவின் பாடம் வேறு வகை. பல ஆண்டுகள் ஷாட் கணக்கில் நல்ல இடத்தில் இருந்தும், 2010 முதல் 2018 வரை ஒன்பது சீசன் தொடர்ந்து ப்ளே-ஆஃபுக்குள் போகவில்லை. குறை கோல் வாசலில் என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2017இல் சிகாகோவில் துணைக் கோல்கீப்பராக நன்றாக ஆடிய ஸ்காட் டார்லிங்கை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முன்னோட்டங்கள் நம்பிக்கையோடு எழுதின. அவர் தடுப்பு விகிதம் 88.8க்கு இறங்கியது, அணி மறுபடி வெளியே நின்றது. 2019 முதல் அந்த அணி ஒவ்வோர் ஆண்டும் உள்ளே போகிறது. ஆக, ஷாட் கணக்கு சொன்னது பொய்யில்லை. அது சொன்னது பலிக்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்லவில்லை.

செர்கெய் பொப்ரோவ்ஸ்கி இன்னும் வியப்பானவர். 2013, 2017 என இருமுறை சிறந்த கோல்கீப்பர் விருது பெற்றவர். 2019இல் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வீதம் ஏழாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே 90 விழுக்காடு. 2023 ஏப்ரலில் முதல் இடத்தையே அலெக்ஸ் லயனிடம் இழந்திருந்தார். பாஸ்டனுடனான தொடரின் நடுவில் திரும்ப வந்து அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். 2024, 2025 இரண்டிலும் கோப்பை. அந்த ஒப்பந்தம் வீண் என்று 2022இல் எழுதியவரும் அறிவுப்பூர்வமாகத்தான் எழுதினார்.

கொலராடோவின் கதையிலும் கோல்கீப்பர் நிழல் நீளமாக விழுகிறது. 2013-14இல் செமியோன் வர்லாமோவ் 92.7 விழுக்காடு தடுத்து 41 வெற்றி பெற்றார். ஷாட் கணக்கில் பின்தங்கிய அணி முதலிடம் பெற்றதற்கு முதல் காரணம் அவர். 2016-17இல் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. அணி 278 கோல் வாங்கியது, அடித்தது 166. 2024-25இல் சீசனின் தொடக்கத்தில் கோல் வாசல் சரிந்து கிடந்தது. நின்றவர்களின் தடுப்பு விகிதம் 90 விழுக்காட்டுக்கும் கீழே. நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் இரண்டு கோல்கீப்பர்களையும் மாற்றி, ஸ்காட் வெட்ஜ்வுட்டையும் மெக்கன்சி பிளாக்வுட்டையும் கொண்டுவந்தார்கள். அணி 102 புள்ளியில் முடித்தது. சீசன் தொடங்கும் முன் வெளியான எந்த முன்னோட்டத்திலும் இந்த இருவரின் பெயர் கொலராடோவின் கீழ் இருந்திருக்க வழியில்லை.

கோல்கீப்பரை ஏன் கணிக்க முடியவில்லை? சிலர் இது எண்ணிக்கைச் சிக்கல்தான் என்கிறார்கள்: ஒரு சீசனில் ஒருவர் சந்திக்கும் ஷாட்கள் அவருடைய உண்மைத் தரத்தைத் தனியே பிரித்துக் காட்டப் போதாது. வேறு சிலர் முன்னால் நிற்கும் தற்காப்பின் தரத்தைக் காரணம் காட்டுகிறார்கள். தரமே உள்ளபடி மாறுகிறது, மனமும் உடலும் சார்ந்த வேலை இது என்பது பயிற்சியாளர்கள் தரப்பு. மூன்றிலும் உண்மை இருக்கக்கூடும். முதல் விளக்கம் பெரும்பகுதியை விளக்குகிறது என்றே தோன்றுகிறது. ஆனால் பொப்ரோவ்ஸ்கி போன்றவரின் வாழ்க்கை முழுவதையும் அதற்குள் அடைத்துவிட முடியாது.

வயது, காயம், ஆள் மாற்றம்

தனித்தனி ஆட்டக்காரரைக் கணித்து, அவர்களைக் கூட்டி அணியைக் கணிப்பது இன்றைய பரவலான முறை. கடந்த மூன்று ஆண்டு எண்களை, அண்மை ஆண்டுக்கு அதிக எடை தந்து சேர்ப்பார்கள். சராசரியை நோக்கிச் சற்று இழுத்துவிட்டு, வயதுக்கேற்பத் திருத்துவார்கள். பேஸ்பாலில் டாம் டாங்கோ இதன் எளிய வடிவத்தை வைத்தார்; அதைவிடச் சிக்கலான மாதிரிகள் அதைத் தாண்டத் திணறுவது வழக்கம்.

வயது பற்றி 2014இல் வெளியான பிரேண்டர், ஈகன், யுங் ஆகியோரின் ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. தாக்குபவர்களின் கோல் திறன் 27-28 வயதிலும் தற்காப்பாளர்களுடையது 28-29இலும் உச்சம் பெறுகிறது. கோல்கீப்பர்களிடம் வயதுக்கேற்ற சீரான மாற்றம் அதிகம் தெரியவில்லை என்றது. வேறு முறையில் கணக்கிட்டவர்கள் உச்சம் இன்னும் முன்பே வருவதாகச் சொல்கிறார்கள். சரிவு கண்டவர் லீக்கிலிருந்தே மறைந்துவிடுவதால், மிஞ்சியவரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வயது உண்மையைவிட மென்மையாகத் தெரியும். இந்த விவாதம் முடியவில்லை.

சராசரி வளைவு தனி மனிதனிடம் எப்படித் தோற்கிறது என்பதற்கு நேதன் மெக்கினன் நல்ல சான்று. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013இன் முதல் தேர்வு அவர். 2016-17இல் 53 புள்ளி. மறு ஆண்டு 74 போட்டியில் 97. 22 வயதுக்காரர் முன்னேறுவார் என்று எந்த மாதிரியும் சொல்லும். ஓர் ஆண்டில் இவ்வளவு என்று எதுவும் சொல்லாது. கொலராடோ 48இலிருந்து 95க்குத் தாவியதில் அந்தப் பாய்ச்சல் பெரும் பங்கு. அந்த மோசமான ஆண்டுக்குப் பரிசாக வந்திருக்கக்கூடிய, டிராஃப்டின் முதல் தேர்வும் குலுக்கலில் நழுவி நான்காவதாக விழுந்தது. அந்த நான்காவது இடத்தில் எடுத்தவர் கேல் மக்கார். 2022 கோப்பையின்போது ப்ளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. அன்று துரதிர்ஷ்டம் என்று எழுதப்பட்ட நிகழ்வு அது.

காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. கொலராடோ அணித் தலைவர் கேப்ரியல் லாண்டஸ்காக் கோப்பையை உயர்த்தியபின் முழங்கால் காயத்தால் மூன்று முழுச் சீசன்களை இழந்து, 2025 ஏப்ரலில் ப்ளே-ஆஃபில்தான் திரும்பினார். சீசன் நடுவே நடக்கும் ஆள் மாற்றமோ கணிப்பை வேரோடு அசைக்கும். 2025 ஜனவரியில் கொலராடோ மிக்கோ ரன்டனனைக் கரோலினாவுக்குக் கொடுத்தது. மார்ச்சில் அவர் டல்லாஸுக்கு மாறினார். மே 3 அன்று முதல் சுற்றின் ஏழாவது போட்டியில், மூன்றாம் பகுதியில் மூன்று கோல் அடித்துக் கொலராடோவை வெளியே அனுப்பியவர் அதே ரன்டனன்.

பயிற்சியாளரும் உடைமாற்று அறையும்

பயிற்சியாளர், தலைமை, அறைக்குள் நிலவும் உறவு ஆகியவையே அணியைத் தீர்மானிக்கின்றன என்பது ஆட்டக்காரர்களின் நெடுநாள் நம்பிக்கை. 2013-14இல் பேட்ரிக் ராய் முதல் ஆண்டிலேயே சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றபோது இந்த விளக்கமே மேலோங்கியது. 2016 ஆகஸ்டில் அவர் விலகினார். அந்த மாதக் கடைசியில் வந்த ஜாரெட் பெட்னரின் முதல் ஆண்டுதான் 48 புள்ளி. அதே பெட்னர்தான் 2022இல் கோப்பை வென்றார்.

செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2019 ஜனவரி 3 அன்று லீக்கிலேயே கடைசியாக இருந்தது. நடுவில் பொறுப்பேற்ற கிரெய்க் பெரூபியின் கீழ் அந்த ஜூனிலேயே கோப்பை வென்றது. ஆனால் அணி மிகக் கீழே போனபோதுதான் பயிற்சியாளரை மாற்றுகிறார்கள், மிகக் கீழே போன அணி எப்படியும் ஓரளவு ஏறும். மாற்றத்தின் பங்கையும் இயல்பான மீட்சியையும் பிரித்துக் காட்டுவது கடினம். இந்த நிலைப்பாட்டை மறுக்கவும் முடியவில்லை, சோதிக்கவும் முடியவில்லை. சோதிக்க முடியாததை முன்னோட்டத்தின் மையத்தில் வைப்பது சரியில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

தற்செயலின் பங்கு

கடைசி நிலைப்பாடு, கேள்வியையே திருப்பிப் போடுகிறது: கணிக்கத்தக்கது என்று எவ்வளவு இருக்கிறது? மைக்கேல் மோபுசன் 2012இல் வெளியான நூலில், குழு விளையாட்டுகளில் அதிர்ஷ்டத்தின் பக்கம் மிக நெருங்கி நிற்பது ஹாக்கி என்றார். லோபஸ், மேத்யூஸ், பௌமர் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பந்தய விலைகளைக் கொண்டு, சிறந்த அணி வெல்லும் உறுதி ஹாக்கியிலும் பேஸ்பாலிலும் கூடைப்பந்தைவிட வெகு குறைவு என்று கண்டது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஜோஷ்வா வைஸ்பாக் செய்த ஆய்வோ, தனிப் போட்டிகளைக் கணிப்பதில் எந்த முறையும் ஏறத்தாழ 62 விழுக்காட்டைத் தாண்ட இயலாது என்ற வரம்பைக் கணக்கிட்டது.

இதைக் கையால் போட்டும் பார்க்கலாம். எல்லாப் போட்டியிலும் வெல்லும் வாய்ப்பு சரிபாதி என்று இருக்கும் ஓர் அணி 82 போட்டி ஆடினால், சராசரி 41 வெற்றி. தற்செயலால் மட்டும் வரும் திட்ட விலக்கம் நாலரை வெற்றி, அதாவது 9 புள்ளி. அதன் தரம் துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்கு முறை கணிப்பு 9 புள்ளிக்கும் மேல் தவறும். அதற்குமேல் 2005இல் 3.9 கோடி டாலராகத் தொடங்கிய சம்பள உச்சவரம்பு அணிகளை நெருக்கமாக்கியது. தோற்றவருக்கும் தரும் ஒரு புள்ளி பட்டியலை இன்னும் இறுக்கியது.

ப்ளே-ஆஃப் இன்னும் கொடியது. 2018-19இல் 62 வெற்றி பெற்ற டம்பா பே, முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்கு போட்டியும் தோற்றது. அடுத்த இரண்டு கோப்பைகளும் அதற்கே. 2022-23இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை படைத்த பாஸ்டன், 92 புள்ளி எடுத்த ஃப்ளோரிடாவிடம் முதல் சுற்றிலேயே விழுந்தது. இரண்டு அணிகளையும் சிறந்தவை என்று சொன்ன கணிப்புகள் தவறின என்று சொல்வது கடினம். வெல்லும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னவர் தோல்வியும் நடக்கலாம் என்று சொன்னவரே.

இந்த வாதத்தின் பலவீனம், அது எதையும் விளக்கிவிடும் என்பது. 2016-17 கொலராடோவின் 48 புள்ளியைத் தற்செயல் மட்டும் விளக்காது. மேலே போட்ட கணக்கின் சராசரியிலிருந்து ஏறக்குறைய நான்கு திட்ட விலக்கம் கீழே அது. அந்த அணி உண்மையிலேயே மோசமாக இருந்தது. அது சரியும் என்று ஷாட் கணக்கு சொன்னது, எவ்வளவு ஆழம் என்று எதுவும் சொல்லவில்லை.

தீராமல் நிற்பவை

இதுவரை வந்த விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், முன்னேற்றம் உண்டு என்று சொல்ல இடமிருக்கிறது. மேலே இருக்கும் அணிகளில் எது தன் தரத்துக்கு மீறி நிற்கிறது, கீழே இருப்பவற்றில் எது தகுதிக்குக் குறைவாகக் கிடக்கிறது என்று காட்டுவதில் இன்றைய முறைகள் பழையவற்றைவிடத் தெளிவாக மேல். திருப்பம் எந்த ஆண்டு வரும், எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதில் மேல் என்று சொல்ல ஆதாரம் குறைவு.

சில கேள்விகள் விரைவில் கூடுதல் வெளிச்சம் பெறலாம். 2021-22 முதல் எல்லா அரங்கிலும் பக்கையும் ஆட்டக்காரரையும் நொடிக்குப் பலமுறை பின்தொடரும் கருவிகள் இயங்குகின்றன. ஆனால் அதன் முழுத் தரவும் அணிகளிடமே இருக்கிறது. கோல்கீப்பரின் பார்வை மறைக்கப்பட்டதா, பக் குறுக்கே கடத்தப்பட்டதா என்பவை இதிலிருந்து தெரியவரும். தடுப்பு விகிதத்தின் ஏற்ற இறக்கத்தில் தற்காப்பின் பங்கு எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியலாம். அணிகள் ஏற்கனவே பார்த்திருக்கவும் கூடும். அப்படியானால் பொதுவெளியில் எழுதுபவருக்கும் அணிக்குள் இருப்பவருக்குமான அறிவு இடைவெளி, 2014இல் மூடத் தொடங்கியிருந்தாலும், மறுபடி விரிகிறது.

உச்சவரம்பு 2025-26இல் 9.55 கோடி டாலராகவும், அதற்கடுத்த ஆண்டு 10.4 கோடியாகவும் உயர்கிறது. பல ஆண்டுகள் ஏறக்குறைய தேங்கிக் கிடந்தபின் வந்த இந்த வேகமான ஏற்றம் பணக்கார அணிகளை விலக்கி நிறுத்தினால், கணிப்பு எளிதாகலாம். எல்லோரும் சமமாகச் செலவிட்டால் எதுவும் மாறாது. 2026-27 முதல் சீசன் 84 போட்டிகளாக நீள்கிறது; மேலே போட்ட கணக்கின்படி இரண்டு போட்டியால் தற்செயலின் பங்கு குறைவது மிகச் சொற்பம்.

இன்னொரு குறை முன்னோட்டம் எழுதுபவர்களே தீர்க்கக்கூடியது. ஓர் அணிக்கு ஒற்றை இடத்தைச் சொல்லாமல் புள்ளி எல்லையையும் வாய்ப்பு விகிதத்தையும் சொல்லும் வழக்கம், மைக்கா மெக்கர்டி, டாம் லுஷ்சிஷின் போன்ற ஆய்வாளர்களின் பணியால் பரவிவருகிறது. 70 விழுக்காடு வாய்ப்பு என்று சொன்ன அணிகளில் உண்மையில் பத்துக்கு ஏழு ப்ளே-ஆஃபுக்குள் போனதா என்று பல ஆண்டுகளின் கணிப்புகளை ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பது இன்னும் பரவலாகவில்லை. அந்தச் சரிபார்ப்பு போதுமான ஆண்டுகளுக்குச் சேரும்வரை, எந்த நிலைப்பாடு மேல் என்ற கேள்விக்கு இப்போது தரும் விடைகளைத் தற்காலிகமானவையாகவே கொள்ள வேண்டும்.